ரெண்டு வருஷமா வீட்ல செஞ்ச தூளி, போகவே போகாத ஒரு கிறீச் சத்தம்

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பானரோட ஹால்ல உக்காந்து தூளி ஸ்டாண்டோட நாலு போல்ட்டையும் மறுபடி கழட்டி மாட்டி முடிச்சேன், காலைல பாத்தா கூட வேலை பாக்குற நண்பர் மெசேஜ், "அண்ணே, உங்க வீட்ல இருக்குற மாதிரி நானும் ஒரு ஹம்மாக் ஸ்டாண்ட் செய்யலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு?"ன்னு. அவருக்கு எழுத ஆரம்பிச்சது நீண்டு போச்சு, அதான் இங்கயே போடுறேன்.

முதல்ல துணி. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. இங்க சிங்கப்பூர்ல தேக்கா கடைத்தெருவுல வாங்குன காடா துணி, 3 மீட்டர் நீளம். முனைய கட்டுறதுலதான் எல்லாம் இருக்கு. அம்மா புடவைக்கு கொசுவம் வைக்கிற மாதிரியே மூணு விரல் அகலத்துக்கு மடிச்சு மடிச்சு அடுக்கி, கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நைலான் கயித்தால இறுக்கி சுத்தணும். ஒரு மடிப்பு பெருசாவும் ஒண்ணு சின்னதாவும் போச்சுன்னா ஒரு ஓரம் தோள்பட்டைய அறுக்கும், இன்னொரு ஓரம் தொளதொளன்னு தொங்கும். நான் மூணு தடவ அவுத்துக் கட்டுனேன், மூணாவது கட்டு ரெண்டு வருஷமா அப்படியே நிக்குது.

அப்புறம் தொய்வு. கட்டில் மாதிரி நேரா இருந்தா முதுகுக்கு நல்லதுன்னு நெனச்சு ஆரம்பத்துல இழுத்து டைட்டா கட்டிட்டேன், அது பெரிய தப்பு. கயிறு 30 டிகிரி சாய்வுல இருந்தா 70 கிலோ ஆளு படுத்தா ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுக்கும், அதையே 15 டிகிரிக்கு இழுத்துக் கட்டுனா கிட்டத்தட்ட 135 கிலோ. இப்ப ரெண்டு முனைக்கும் நடுவுல 2.5 மீட்டர்ல ஒரு தனி கயிறு கட்டி வெச்சிருக்கேன், அதாவது துணி நீளத்துல 83 சதவீதம், அதனால தொய்வு மாறவே மாறாது. அதுல குறுக்கால, கோணலா படுக்கணும். அப்படிப் படுத்தா முதுகு தட்டையா இருக்கும், நேரா படுத்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும்.

ஸ்டாண்டுதான் பிரச்சினை. சுங்கை காடுட் பக்கம் ஒரு மரக்கடையில கட்டை வாங்கினேன், மேல படுக்கையா போற கட்டை மட்டும் 3 மீட்டர். ஆனா எங்க புளோக் லிஃப்ட்ல அது சாய்ச்சு வெச்சாலும் போகாது, நான் இருக்கறது பதினொண்ணாவது மாடி, அதனால கடையிலயே ரெண்டா அறுத்துத் தரச் சொல்லி, வீட்ல ரெண்டு பக்கமும் பட்டைக் கட்டை வெச்சு போல்ட் போட்டு சேத்துட்டேன். எல்லா வினையும் அந்த ஜாயின்ட்லதான். படுக்கும்போது துணி ரெண்டு முனையையும் உள்பக்கமா இழுக்குது, அந்த அழுத்தம் மொத்தமும் கட்டை வழியா வந்து நடு ஜாயின்ட்லதான் விழுது, ஆள் புரண்டா மரமும் மரமும் உரசி கிறீச்னு ஒரு சத்தம். மழைக்காலத்துல மரம் ஊதி போல்ட் தானா இறுகிக்கும், டிசம்பர்ல ஒரு சத்தமும் வராது. பிப்ரவரி வறட்சியில மரம் சுருங்குனதும் மறுபடி ஆரம்பிச்சிடும். மெழுகு தேச்சேன், மூணு வாரம் தாங்குச்சு. சைக்கிள் டியூப் வெட்டி நடுவுல வெச்சேன், நாலு மாசம். இப்ப அதோட நைலான் வெச்ச லாக் நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டிருக்கேன்.

இவ்வளவு கோவம் எதுக்குன்னா அதுல படுக்கறது எங்கப்பா. ஊர்ல உத்தரத்துல கட்டுன தூளியில வளந்தவரு, முதுகுவலியால கட்டில்ல ராத்திரி தூங்கவே மாட்டாரு, இதுல படுத்தா அஞ்சு நிமிஷத்துல கண்ணு சொருகிடும். ஆனா புரண்டு படுத்தா சத்தம் வந்து பேரன் எழுந்துடுவானேன்னு, கை கால அசைக்காம அப்படியே கெடக்குறாரு. ஒரு ராத்திரி தண்ணி குடிக்க வந்தப்ப பாத்தேன், கண்ண தொறந்துக்கிட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு, அசையாம. அதைப் பாத்ததுலேந்து எனக்கு அந்தக் கட்டை மேல ஆத்தாமை அடங்கல.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். சாதா கொக்கி துரு பிடிச்சு துணியில கறை படும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க. காத்து வருதுன்னு காரிடார்ல போட ஆசப்படாதீங்க, நெருப்பு கிருப்புன்னா ஆள் ஓடறதுக்கு அங்க 1.2 மீட்டர் வழி விடணும்.

செலவு 150 சிங்கப்பூர் வெள்ளிக்குள்ள முடிஞ்சுது, மரம் ஒரு விரிசல் விடல, நூறு கிலோ மச்சான் கூட படுத்துப் பாத்துட்டாரு. இருந்தாலும் தம்பி, மர ஸ்டாண்ட் செய்யாதீங்க. துணிய நீங்களே கட்டுங்க, சனிக்கிழமை வாங்க கொசுவம் மடிக்க நான் சொல்லித் தரேன், ஸ்டாண்ட மட்டும் இரும்புல ரெடிமேடா வாங்கிடுங்க. வரும்போது பழைய சைக்கிள் டியூப் இருந்தா எனக்குக் கொண்டு வாங்க.