சாட்ஸ்வர்த்தில் மாணவர்கள் செய்து தரும் விளம்பர வேலை: 650 ராண்டுக்கு என்ன கிடைக்கிறது?

எலக்ட்ரீஷியன், பிளம்பர், சேலைக்குப் பிளவுஸ் தைப்பவர், தீபாவளிக்குப் பலகாரம் போடுபவர், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர் என்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஒண்டியாளாகத் தொழில் செய்பவர்கள் ஏராளம். இவர்களுக்கு டர்பனில் மார்க்கெட்டிங் படிக்கும் மாணவர்கள் சிலர் விளம்பர வேலை செய்து கொடுக்கிறார்கள். இரண்டிரண்டு பேராக வீட்டுக்கே வருகிறார்கள். மூன்று சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், மொத்தம் 650 ராண்ட். அதன்பின் மாதம் 150 ராண்ட் கொடுத்தால் தொடர்ந்து கவனித்துக்கொள்வார்கள். அந்த 650 ராண்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். மாதச் சந்தாவுக்குத் தலையாட்டும் முன் ஒரு காலண்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்று பின்னால் வருகிறது.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது அவர்கள் முதலில் காட்டுவது போஸ்டர். தருவதிலேயே மட்டமான சரக்கும் அதுதான். பத்து வேலையின் பெயர், மூன்று போன் நம்பர், ஓரத்தில் ஒரு தாமரை, பின்னணியில் தங்க நிறம். தெரு வாட்ஸ்அப் குழுவில் காலையில் போட்டால் மதியத்துக்குள் நாற்பது செய்திக்கு மேலே போய்விடும். ராத்திரி கீசர் வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போது எவரும் போஸ்டரைத் தேடுவதில்லை. போனில் 'பிளம்பர்' என்று அடிப்பார்கள், இல்லையென்றால் 'நல்ல ஆள் யாராவது தெரியுமா' என்று குழுவில் கேட்பார்கள். அந்த இரண்டு இடத்திலும் பெயர் நிற்க வேண்டும். போஸ்டர் வேண்டாம், அந்த நேரத்தையும் படம் எடுப்பதற்கே கொடுங்கள் என்று சொல்லிவிடலாம்; மறுக்க மாட்டார்கள்.

முதல் வருகையில் ஒரு தாள் நிரப்புகிறார்கள். கடைசியாகச் செய்த பத்து வேலை: யார் கூப்பிட்டார்கள், எப்படித் தெரிந்து கூப்பிட்டார்கள், எந்தப் பகுதி, என்ன வேலை, எவ்வளவு வந்தது. சலிப்பான அரைமணி நேரம். ஆனால் இந்தத் தாளுக்கே பாதிக் காசு கொடுக்கலாம். 'எல்லா வேலையும் செய்வேன்' என்று சொல்கிற எலக்ட்ரீஷியனுக்கு வந்தவை முக்கால்வாசி டிபி போர்டு (மின் விநியோகப் பலகை) ட்ரிப் ஆவதும் கீசர் எலிமென்ட் மாற்றுவதுமாக இருக்கும். அதுவும் ஆரீனா பார்க், க்ராஃப்ட்டீன், பேவ்யூ என்று பக்கத்துப் பகுதிகளிலிருந்தே. அப்போது முன்னால் நிறுத்த வேண்டியது அந்த இரண்டு வேலையைத்தான். பில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நினைவிலிருந்து சொன்னால் பெரிய வேலை மட்டுமே ஞாபகம் வரும். சோறு போடுகிற சின்ன வேலை விட்டுப்போகும்.

படம் எடுப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பிளவுஸ் தைப்பவர் வீட்டில் ஜன்னலோரம் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் பிளவுஸைப் பின்பக்கம் தெரியும்படி வைத்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுக்கிறார்கள். டியூப்லைட்டும் வெயிலும் கலந்தால் அரக்குச் சிவப்பு பழுப்பாகத் தெரியும், சரிகை மின்னிக் கழுத்து வளைவை மறைக்கும். ஒரு பிளவுஸுக்கு நான்கு படம்: முழுசாக ஒன்று, பின்கழுத்து, கைமுனை, நான்காவது உள்பக்கத்தைத் திருப்பிப் பக்கத் தையல். அந்த நான்காவது படத்தை யார் கற்றுக்கொடுத்தார்களோ, நன்றாக இருக்கட்டும். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைத்திருப்பது அதில் தெரிகிறது. அடுத்த கல்யாணத்துக்குள் உடம்பு போட்டாலும் பிரித்து விடலாம் என்று பார்க்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே புரிந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் படங்களில் அதே அக்கறை இல்லை. போர்டின் 'முன், பின்' படங்களை வேறு வேறு கோணத்தில் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் இரண்டும் ஒரே வீட்டுப் போர்டுதானா என்ற சந்தேகம் வரும். நின்ற இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் தீர்ந்தது. இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது: வீட்டு எண், காரின் நம்பர் பிளேட், சுவரில் இருக்கும் அலாரம் பெட்டி ஆகியவை படத்தில் விழுகின்றன. நம் ஊரில் அது திருடனுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது மாதிரி. வெளியிடும் முன் ஒவ்வொரு படத்தையும் நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதாது. 'படம் போடலாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வையுங்கள்.

இரண்டாம் வருகை கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கு, அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலின் பெயர் வரும் பக்கத்துக்கு. இலவசம்தான், ஆனால் தவறு செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, போய் வேலை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். 20 பகுதி வரை இடம் உண்டு. அந்தப் பத்து வேலைத் தாளில் வந்த பகுதிகளைப் போட்டாலே போதும். ஜோஹன்னஸ்பர்க் வரை சேர்த்தால் அழைப்பு கூடிவிடும் என்பது வீண் ஆசை. பெயர் விஷயத்தில் மாணவர்கள் ஒரு பிசகு செய்கிறார்கள். தொழில் பெயருக்குப் பின்னால் 'சீப் 24 அவர் எலக்ட்ரீஷியன் சாட்ஸ்வர்த்' என்று ஒட்டுகிறார்கள். பில் புத்தகத்திலும் வண்டியிலும் இருக்கும் பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகுள் விதி. வால் ஒட்டினால் ப்ரொஃபைலையே முடக்கிவிடுவார்கள், மீட்பது பெரும்பாடு.

அடுத்தது சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். இதில் முதல் முயற்சி தோற்பதற்கு ஒரே காரணம், பிள்ளைகளுக்கு ரீல்ஸ் எடுத்துப் பழக்கம். வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டால் செல்லாது. ப்ரொஃபைலுக்குள்ளிருந்தே கேமராவைத் திறந்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். 30 விநாடிக்குக் குறையக்கூடாது. தெருப்பெயர்ப் பலகையில் தொடங்கி, வீட்டு வாசல், பக்கியின் (சின்ன பிக்கப் வண்டி) பின்கதவைத் திறந்து கருவிகள், கடைசியில் தொழில் பெயர் அச்சிட்ட பில் புத்தகம் என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. பேங்க் விவரமோ அடுத்தவர் முகமோ அதில் வரக்கூடாது. முடிவு வர ஐந்து வேலைநாள் வரை ஆகலாம். அதனால் இந்த வேலையை மூன்றாம் வாரத்துக்குத் தள்ள விடாதீர்கள். தோற்றால் திருப்பி எடுக்க ஆள் இருக்க மாட்டார்கள்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை ப்ரொஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்பதில். நேரம் மிச்சம் என்று மாணவர் தன் போனிலேயே ஒரு ஜிமெயில் திறந்து, மீட்பு எண்ணாகத் தன் நம்பரையே கொடுத்துவிடுகிறார். படிப்பு முடிந்து போகிறார், சிம்மை மாற்றுகிறார். ஆறு மாதம் கழித்து உங்கள் போன் நம்பரை மாற்ற வேண்டும் என்றால், கதவு உள்ளே பூட்டிக்கொண்ட வீடு மாதிரி வெளியே நிற்க வேண்டியதுதான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவசரம். நல்ல ஜோடி வந்தால் உட்கார்ந்ததுமே, "ஆன்ட்டி, உங்க போன்ல இருக்கிற ஜிமெயில் எது? பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்காத ஜோடியாக இருந்தால் நீங்கள் கேளுங்கள். ப்ரொஃபைலின் முதன்மை உரிமையாளர் உங்கள் ஜிமெயில்; மாணவர் வெறும் மேலாளராகச் சேரட்டும், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். ஏற்கனவே மாணவர் பெயரில் திறந்தாகிவிட்டதா? முதலில் உங்களை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஏழு நாள் முழு அதிகாரம் கிடையாது. எட்டாம் நாள் முதன்மை உரிமையை மாற்றி வாங்குங்கள். அந்த எட்டாம் நாளுக்காகவே கடைசி 100 ராண்டைக் கையில் நிறுத்தி வைப்பது தப்பில்லை.

வாட்ஸ்அப் பிசினஸ் வேலையைக் குறை சொல்ல அதிகமில்லை. பழைய வாட்ஸ்அப்பின் பேச்சுகளைக் காப்பு எடுத்து, அதே நம்பரிலேயே மாற்றிக் கொடுக்கிறார்கள். கேட்டலாகில் ஏழெட்டுப் பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் 'இத்தனை ராண்டிலிருந்து' என்று விலை போடச் சொல்கிறார்கள். விலை கேட்டுவிட்டு மறைந்துபோகும் கூட்டம் அதிலேயே வடிந்துவிடுகிறது. 'எந்தப் பகுதி, என்ன பிரச்சினை, ஒரு படம் அனுப்புங்கள்' என்ற குறுவிடை ஒன்றைச் சேமித்துக் கொடுக்கிறார்கள். ஏணிமேல் நிற்கும்போது ஒரு தட்டில் அனுப்பிவிடலாம். சறுக்குகிற இடம், தட்டினால் உங்களோடு பேச்சைத் திறக்கும் இணைப்பு: நாட்டு எண் 27 போட்டபின் நம்பரின் முதல் சுழியத்தை எடுக்காமல் விட்டால் அது எங்கும் போய்ச் சேராது. அடுத்தவர் போனிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பி வையுங்கள். ப்ராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேரலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். '200 பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை' என்ற புலம்பல் பெரும்பாலும் இதனால்தான்.

சட்டம் தெரியாமல் இருப்பது வயசுக் கோளாறு. 2021 ஜூலை 1 முதல் முழுசாக நடைமுறையில் இருக்கும் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, முன்பின் தொடர்பில்லாதவருக்கு விளம்பரச் செய்தி அனுப்ப அவர் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்பதும் ஒரே ஒரு முறைதான். கோயில் குழுவிலிருந்து நம்பர்களை அள்ளிப் பட்டியல் போடலாம் என்று ஒரு மாணவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு அதே மாதிரி வேலையைப் பற்றி அனுப்பலாம், 'வேண்டாம் என்றால் சொல்லுங்கள்' என்று ஒரு வரியோடு. இன்னொன்று, போஸ்டரை நிரப்ப 'சிஓசி தரப்படும்' என்று சும்மா எழுதிவிடுகிறார்கள். சிஓசி என்பது வீட்டு மின் இணைப்பு சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ். அந்தச் சான்றிதழைத் தொழிலாளர் துறையில் பதிவு செய்தவர்தான் கொடுக்க முடியும். சிங்கிள் ஃபேஸ் டெஸ்டராகக்கூடப் பதிவில்லாதவர் பெயருக்குக் கீழே அந்த வரி இருந்தால், வீடு விற்கும்போது மாட்டிக்கொள்வது வாடிக்கையாளர். பலகாரம் விற்பவர்களுக்கும் 2018-இன் ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிப்படி மாநகராட்சியின் ஏற்புச் சான்று தேவை. இருந்தால் அதைப் படம் எடுத்துப் போடுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

மொழியில் ஒரு நல்ல ஆச்சரியம். வரும் ஜோடியில் ஒருவருக்கு ஜூலு தெரிந்திருந்தால் குறுவிடைகளை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஜூலு பேசும் உம்லாசி பக்கத்திலேயே இருக்கும்போது இது சும்மா அலங்காரம் இல்லை. பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். தமிழை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எடுத்த 'முறுக்கு' ஒரு போஸ்டரில் திருகாணியின் 'திருகு' ஆகிவிட்டது.

இனி அந்தக் காலண்டர். தீபாவளி விழுவது அக்டோபர், நவம்பரில். பல்கலைக்கழகத் தேர்வும் அதே நாட்களில்தான். பலகாரம் போடுபவருக்கு வருஷத்தில் மூன்று வாரம்தான் அறுவடை. அந்த மூன்று வாரமும் விலைப்பட்டியலை மாற்ற வேண்டியவர் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார், போனை எடுக்க மாட்டார். ஜூன் தேர்விலும் இதே கதை, டிசம்பரில் விடுமுறை. மாதம் 150 கொடுத்தாலும் முக்கியமான மாதங்களில் நீங்கள்தான் தனியாக இருப்பீர்கள். அதனால் சந்தாவுக்குப் பதில், மூன்றாம் வருகையில் விலை மாற்றுவது, படம் ஏற்றுவது, கூகுளில் வாடிக்கையாளர் எழுதும் கருத்துக்குப் பதில் எழுதுவது மூன்றையும் உங்கள் விரலாலேயே இரண்டு முறை செய்து காட்டுங்கள். மாணவர் செய்து காட்ட நீங்கள் வேடிக்கை பார்த்தால் மறுநாளே மறந்துவிடும். புரட்டாசிக்கு மரக்கறிப் பட்டியல், தீபாவளிப் பெட்டி விலை, இரண்டையும் முன்கூட்டியே எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்து வாங்குவதில் மட்டும் அவர்கள் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். பத்து ராண்ட் தள்ளுபடிக்கு ஐந்து நட்சத்திரம் என்பது கூகுள் விதிக்கு எதிரானது. சித்தி, மாமா, மச்சான் எல்லாரும் ஒரே சனிக்கிழமை எழுதினால் அவை நீக்கப்படவும் கூடும். வேலை முடிந்து காசு வாங்கும்போது கருத்துப் பக்கத்தைத் திறக்கும் க்யூஆர் அட்டையைக் காட்டி, 'என்ன வேலை செய்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்' என்று கேட்பதே போதும்.

கையில் ஏற்கனவே ஒரு மாத வேலை வரிசையாக நிற்கும் பிளம்பருக்கு இது தேவையில்லை. வரும் அழைப்பை எடுக்க முடியாமல் மோசமான கருத்துதான் சேரும். பந்தல் வாடகைக்காரருக்கும் பலகாரக்காரருக்கும் நன்றாகவே உதவும், நேரம் பார்த்துக் கூப்பிட்டால். அம்மன் கோயில் ஆடிக் கூழ் முடிந்த கையோடு முதல் சனிக்கிழமையைப் பிடித்தால், வீடியோ ஒருமுறை தோற்றாலும் புரட்டாசி பிறக்குமுன் ப்ரொஃபைல் நின்றுவிடும்.