30 சிட்டிங்கா, 15 சிட்டிங்கா: அறுபதைத் தாண்டியவருக்கு எது தோது?

மூளையில் கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்து ஆபரேஷனும் முடிந்தபின், ராமேஸ்வரம், பாம்பன், தொண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க மதுரைக்குத்தான் போகின்றன. வழக்கமான வழி 30 சிட்டிங், அதாவது 30 தடவை: மொத்தம் 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். வயதானவர்களுக்கென்று வந்தது 15 சிட்டிங்: 40 கிரே, மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பாதி என்றதுமே, “அரைகுறை வைத்தியமா?” என்று வீட்டில் சந்தேகம் கிளம்பும்.

அப்படியில்லை. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 100 பேரிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்ட கனடா ஆய்வு 2004இல் வெளியானது. நடுக்கணக்கில் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 30 சிட்டிங் எடுத்தவர்கள் 5.1 மாதமும், 15 எடுத்தவர்கள் 5.6 மாதமும் உயிரோடு இருந்தார்கள். அதாவது ஆயுளில் வித்தியாசமே இல்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டி வந்தது 30இல் 49 சதவீதம் பேருக்கு, 15இல் 23 சதவீதம் பேருக்கு.

எனக்கு இந்தக் கடைசிக் கணக்குதான் முக்கியம். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் தலைவலியை அடக்கும். கூடவே தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், நாள்பட்டால் தொடைச் சதையைக் கரைக்கும். தரையில் உட்கார்ந்து வலை பின்னியவர் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், “கரண்ட் வெச்சதுல இப்படி ஆயிட்டாரு” என்று சொல்வதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று நாட்கணக்கு. ஆறு மாதத்துக்குள் அடங்கக்கூடிய காலத்தில் ஆறு வாரத்தை மதுரை லாட்ஜில் கழிப்பது சின்ன விஷயமா? ராமேஸ்வரத்திலிருந்து தினமும் போய்வர முடியாது. 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நேரமென்றால், துணைக்கு நிற்கும் மகனுக்கு வருமானத்தின் நல்ல பகுதியே போய்விடும்.

30க்கும் நியாயம் உண்டு. அதில் ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே. 15இல் ஏறக்குறைய 2.67. ஒரே தடவையில் அளவு கூடக்கூட, நல்ல மூளைத் திசுவுக்குப் பிற்காலச் சேதம் வரும் வாய்ப்பும் கூடும். அது தலைகாட்ட மாதங்கள், வருடங்கள் ஆகும் என்பதால் வயதானவருக்குப் பெரிய கவலையில்லை. தெம்பாக இருக்கும் 45 வயதுக்காரருக்கு 15 போதும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முடி கொட்டுவது, முடிந்து சில வாரம் கழித்தும் தொடரும் அசதி, இரண்டிலும் உண்டு. வலிப்பு வந்தவர் எதை எடுத்திருந்தாலும் வள்ளத்தில் தனியாகப் போகக்கூடாது. பாசி எடுக்க முங்கவே கூடாது.

15ஐ எடுப்பவர்கள் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை பற்றியும் கேட்க வேண்டும். 2017இல் வந்த ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 562 பேருக்கு 15 சிட்டிங். பாதிப்பேருக்கு இந்த மாத்திரையும் சேர்த்தார்கள். நடுக்கணக்கு ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 ஆனது. குமட்டல், மலச்சிக்கல் கூடினாலும் வாழ்க்கைத் தரம் மொத்தத்தில் குறையவில்லை. கட்டி இந்த மாத்திரைக்கு எவ்வளவு கேட்கும் என்று பார்க்கும் எம்ஜிஎம்டி பரிசோதனையில் ‘மெத்திலேட்டட்’ (நன்றாகக் கேட்கும்) என்று வந்தவர்களுக்கு, மாத்திரை சேர்த்தபோது 13.5 மாதம். கரண்ட் முடிந்தபின் 28 நாளுக்கு ஒருமுறை 5 நாள் மாத்திரை. இடையில் பார்க்க வேண்டிய ரத்த அணுக் கணக்கை ராமநாதபுரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.