சேலத்திலிருந்து முதல் இமயச் சிகரம்: ஃபிரண்ட்ஷிப்பா, யூனமா, காங் யாட்சேயா?

ஞாயிறு விடியலில் அடிவாரத்தில் கூடி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே ஏறி, ஏற்காட்டில் டீ குடித்துவிட்டு பஸ்ஸில் இறங்குவது எங்கள் குழுவின் வழக்கம். பொங்கல் கழிந்தால் இமயமலைப் பேச்சு தொடங்கிவிடும். இந்த ஆண்டு அது வாக்குவாதமாகவே ஆகிவிட்டது. குழுவில் இளையவனான ஒரு தம்பிக்கு ஆறாயிரம் மீட்டரைத் தொட வேண்டும். அதனால் இமாச்சலின் யூனம் என்கிறான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு லடாக் பார்க்க ஆசை. அவர் காங் யாட்சே-2 என்கிறார். நான் மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரண்ட்ஷிப் சிகரம் என்கிறேன். அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை உச்சியைத் தொடாமல் திரும்பினேன்.

வேறு சில பெயர்களும் அடிபட்டன. லடாக்கின் ஸ்டோக் காங்ரி 6,153 மீட்டர்; பல ஆண்டுகள் புதியவர்களின் முதல் பெரிய சிகரமாக இருந்தது. 2020-இல் அதை மூடினார்கள். கீழே உள்ள ஸ்டோக் கிராமத்துக்குத் தண்ணீர் தருவது அந்தப் பனிதான் என்பதால் அந்த முடிவை நான் முழுமனதாக ஏற்கிறேன். நேபாளத்தின் மேரா, ஐலண்ட் பீக் இரண்டும் அருமையான மலைகள். ஆனால் நாள்களும் பணமும் நம் கணக்கைத் தாண்டுகின்றன. இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உத்தராகண்டின் கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர். சாங்க்ரியிலிருந்து ஐந்தாறு நாளில் முடியும் பனி நடை அது. பனியையே பார்த்திராதவர்கள் டிசம்பரில் அங்கே போய்வருவது நல்லது. ஆனால் அது நடைதான், சிகர ஏற்றம் ஆகாது.

மீதி மூன்று. இவற்றை உயரத்தை வைத்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. யூனம் 6,111 மீட்டர், காங் யாட்சே-2 ஏறக்குறைய 6,250, ஃபிரண்ட்ஷிப் 5,289. இப்படி எழுதினால் ஃபிரண்ட்ஷிப் சின்ன மலை போலத் தோன்றும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623. நடுவில் 1,345 மீட்டர். ஃபிரண்ட்ஷிப்பின் பேஸ் கேம்ப்பான லேடி லெக் சுமார் 3,840 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 1,450 மீட்டர் ஏற வேண்டும். சேலத்திலிருந்து சேர்வராயன் கோயில் வரை ஏறும் ஏற்றத்தையும் அதற்குமேல் நூறு மீட்டரையும், ஒரே இரவில், பனியில், காலில் கிராம்பான் (வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்) கட்டிக்கொண்டு ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் இறங்கியும் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடை கால்களைத் தயார் செய்யும். இரத்தத்தைத் தயார் செய்யாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். உடல் உயரத்துக்குப் பழகத் தொடங்குவது ஏறத்தாழ 2,500 மீட்டருக்குமேல். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. மூச்சு வேகமாகும், அதற்கேற்பச் சிறுநீரகம் இரத்தத்தைச் சரிசெய்யும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். இருபது வளைவுகளை ஓடியே ஏறுபவனுக்கும் அதே நாள்கள்தான் பிடிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. எந்தச் சிகரத்தையும் நான் இந்த விதியை வைத்தே எடைபோடுகிறேன்.

யூனத்தை எடுத்துக்கொள்வோம். கயிறு வேலை குறைவு. சரளைக் கல் சரிவும் பனியும்தான். மணாலி–லே சாலை, ஏற்றம் தொடங்கும் பரத்பூர் வழியாகவே போகிறது. பரத்பூர் சுமார் 4,700 மீட்டர். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் ரோதாங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை. காலையில் 2,050 மீட்டரில் இருக்கும் மணாலியில் டிபன் சாப்பிட்டவர், மாலையில் பரத்பூர் கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும். 3,000-த்திலிருந்து 4,700-க்கு விதிப்படி நாலு இரவாவது வேண்டும். வழியில் இருக்கும் ஜிஸ்பாவில் ஓர் இரவு, மறுநாள் பரத்பூர் என்று போடப்படும் திட்டம் 1,500 மீட்டரை ஒரே தாவலில் தாண்டச் சொல்கிறது. நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிர் போவது இப்படிப்பட்ட தாவல்களில்தான். மலை எளிது, அங்கே போகும் விதம் ஆபத்தானது. தம்பியிடம் நான் இதைத்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன்.

யூனத்தைவிட உயரமான காங் யாட்சே-2 உடலிடம் அதைவிடக் கனிவாக நடந்துகொள்கிறது. லே நகரம் 3,500 மீட்டர். விமானத்தில் இறங்கியவர்கள் இரண்டு நாள் அசையாமல் இருந்தால், அதன்பின் சிகரத்துக்கு நடந்து போகும் வழியான மார்க்கா பள்ளத்தாக்கு நாளுக்குக் கொஞ்சமாகவே உயர்கிறது. சிகரத்துக்குக் கீழே இருக்கும் நிமாலிங் புல்வெளிக்கு வந்து சேர்வதற்குள் உடல் பழகியிருக்கும். ஆனால் கடைசிச் சரிவு செங்குத்தானது. பருவத்தின் பிற்பகுதியில் பனி உருகி, கெட்டி ஐஸ் வெளியே தெரியும். முன்பின் ஐஸ் ஆக்ஸ் என்னும் பனிக்கோடரியைப் பிடித்திராதவர் கற்றுக்கொள்வதற்கான இடம் அதுவல்ல. பருவமும் பிரச்சினை. லடாக் மழை மறைவுப் பகுதி என்பதால் ஜூலை, ஆகஸ்ட்தான் அங்கே சரியான காலம். அது நமக்கு ஆடி. கோட்டை மாரியம்மன் திருவிழாவை விட்டுவிட்டு எங்கள் குழுவில் பாதிப் பேர் ஊரைத் தாண்டமாட்டார்கள். லடாக் கேட்கும் அண்ணனே முதலில் தயங்குவார்.

ஃபிரண்ட்ஷிப்புக்கு மே, ஜூன் ஏற்றது. பள்ளி விடுமுறை, ஆசிரியர்களும் வரலாம். சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி, அங்கிருந்து இரவு பஸ்ஸில் மணாலி. மூன்று நாள் பயணம்தான், ஆனால் உயரம் மெதுவாகவே கூடுகிறது. சோலாங், துண்டி, பக்கர்தாச், லேடி லெக் என்று எல்லாம் நடந்தே ஏறுவது. யாருக்காவது முடியாமல் போனால் ஒரே நாளில் சாலைக்கு இறக்கிவிடலாம். இதை நான் மிகப் பெரிய நன்மையாக நினைக்கிறேன். லேடி லெக்கில் ஒரு முழு நாள் பயிற்சி கொடுப்பார்கள்: கிராம்பானோடு நடப்பது, கயிற்றில் சேர்ந்து போவது, வழுக்கினால் ஐஸ் ஆக்ஸைக் குத்தி நிற்பது. அன்று கற்றதை மறுநாள் இரவிலேயே பயன்படுத்த வேண்டியிருக்கும்.

ஆபத்து இல்லாத மலை என்று சொல்லமாட்டேன். பனிக்குள் பிளவுகள் மறைந்திருக்கின்றன, பனிச்சரிவும் உண்டு. நள்ளிரவில் கிளம்புவதற்குக் காரணம், அப்போது பனி உறைந்து கெட்டியாக இருக்கும் என்பதே. வெயில் ஏறியதும் இளகி, முழங்கால் வரை புதையும். பிளவின் மேல் பாலம் போல நிற்கும் பனியும் பலமிழக்கும். அதனால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவிட்டு, உச்சி எதிரே தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

என் முதல் பயணம் ஓர் ஆறு நாள் திட்டம். வானிலை கெட்டால் காத்திருக்க உதிரி நாள் என்று ஒன்று அதில் இல்லை. விலை குறைவு என்று நானும் கேட்கவில்லை. 5,000 மீட்டர் அருகே மேகம் மூடியது, வழிகாட்டி திருப்பிவிட்டார். அவர் செய்தது சரி. மறுநாள் துளி மேகம் இல்லை. ஆனால் எங்களுக்கு அன்று இறங்கும் நாள். பக்கர்தாச்சில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வெயிலில் மின்னிய உச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அடுத்த ஆண்டு வேறு குழுவோடு எட்டு நாள். உதிரி நாளில்தான் ஏறினோம். விடியலில் ஹனுமான் திப்பா சிகரம் பக்கத்து வீட்டு மாடிபோல எதிரே நின்றது.

ஆகவே நிறுவனங்களை ஒப்பிடும்போது விலையைக் கடைசியில் பாருங்கள். உதிரி நாள் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவர் எந்த மலையேற்றப் பள்ளியில் பயின்றவர், முகாமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குமா, பனி பூட்ஸ் உங்கள் அளவில் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் விடுப்புக் கிடைக்கிற இளைஞர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. 1954-இல் தொடங்கிய டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனமோ, 1965-இல் தொடங்கிய உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனமோ நடத்தும் அடிப்படைப் பயிற்சிக்குப் போங்கள். நாலு வாரம் அளவு. நாள்கணக்குக்குப் பார்த்தால் தனியார் சிகரப் பயணத்தைவிடச் செலவு மிகக் குறைவு. பயிற்சி என்பதால் ஆபத்து நீங்கிவிடாது: 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் உத்தரகாசிப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பயிற்றுநர்கள். இதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பியுங்கள். தம்பிக்கு வயது இருபத்து மூன்று, வேலைக்குச் சேர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை அவனுக்கு அச்செடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அடிவாரத்தில் கொடுக்கப்போகிறேன்.