48 இலக்கம் டைப் பண்ற வேலைக்கு "மதர்போர்டு போச்சு"ன்னு பில்! விண்டோஸ் 11-க்கு மாறுறவங்க கவனம்

புது லேப்டாப் விலையில பாதி. செய்யாத வேலைக்கு ஒரு சர்வீஸ் சென்டர்ல அவ்வளவு வாங்கிட்டாங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதால எல்லாரும் 11-க்கு மாறிட்டு இருக்காங்க, அதனாலதான் ஆறுறதுக்கு முன்னாடியே எழுதுறேன்.

அக்காவோட லேப்டாப். விண்டோஸ் 11 ஏறுச்சு, கையோட பயாஸ் (லேப்டாப்பை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டும் ஏறுச்சு. அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத் திரையில பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ கேட்டு நின்னுடுச்சு. இது பழுதே இல்லை. பூட் ஆகும்போது எதெது எப்படி இருந்துச்சுன்னு டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் கணக்கு வச்சிருக்கும். பயாஸ் மாறினா கணக்கு ஒத்துப்போகாது, டிஸ்க்கோட சாவியைக் கொடுக்காது. 48 இலக்க ரெக்கவரி கீயை அடிச்சா திறந்துடும். மைக்ரோசாஃப்ட் கணக்குல லாகின் பண்ணின மெஷின்னா, அந்தக் கீ பெரும்பாலும் அதே கணக்குல சேமிச்சிருக்கும். போன்ல கணக்கைத் திறந்து, திரையில காட்டுற கீ ஐடியோட முதல் 8 எழுத்தை ஒத்துப் பார்த்தா எந்தக் கீன்னு தெரிஞ்சிடும். செலவு பூஜ்யம்.

இது தெரியாம அக்கா லேப்டாப்பை எல்லா பிராண்டும் பார்க்கிற சர்வீஸ் சென்டர் ஒண்ணுல கொடுத்தாங்க. அங்க இருந்தவர் பின்மூடியைக் கழட்டி, பேட்டரி கனெக்டரை உருவி, மல்டிமீட்டர் முனையை போர்டுல வச்சு, "பாருங்க மேடம், வோல்டேஜே வரல. போர்டு போச்சு, கூடவே எஸ்எஸ்டியும் போச்சு"ன்னு நிதானமா சொல்லியிருக்கார். எஸ்எஸ்டின்னா ஃபைல் எல்லாம் இருக்கிற டிஸ்க். மீட்டர்ல 0.00. கண்ணெதிர்ல காட்டினா யார்தான் நம்ப மாட்டாங்க? பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை, அந்த போர்டுல வோல்டேஜ் எங்கிருந்து வரும்?

போர்டு செத்திருந்தா அந்த நீலத் திரையே வராது. ப்ராசஸர், ராம், டிஸ்ப்ளே எல்லாம் வேலை செஞ்சாதான் அது தெரியும். அந்தத் திரையைக் கொண்டுவர பூட் ஃபைலே எஸ்எஸ்டியில இருந்துதான் வருது. செத்துப்போன எஸ்எஸ்டி எப்படிக் கீ கேட்கும்?

லேப்டாப் திரும்பி வந்ததும், டிஸ்க்கோட நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். "புது" எஸ்எஸ்டியோட பவர் ஆன் ஹவர்ஸ் (இதுவரை ஓடின மணி நேரம்) ஆயிரக்கணக்குல நிக்குது. லேன் போர்ட்டோட மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் சிப்புக்கும் இருக்கிற தனி அடையாள எண்), ரவுட்டர்ல பழைய பட்டியல்ல இருக்கிற அதே முகவரி. வைஃபை கார்டு தனியா கழட்டி மாட்டுறது, அதோட முகவரியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. லேன் அப்படி இல்லை, போர்டுலயே இருக்கு. போர்டும் மாத்தல, எஸ்எஸ்டியும் மாத்தல. டிஸ்க்கை அழிச்சு விண்டோஸைப் புதுசா போட்டிருக்காங்க, அவ்வளவுதான். அதுக்குப் புது லேப்டாப் விலையில பாதி! உள்ளே இருந்த படங்கள், கணக்கு வழக்கு எல்லாம் போச்சு. என்கிரிப்ட் ஆன டிஸ்க்கை அழிச்சு எழுதிட்டா அப்புறம் கீ கிடைச்சும் பிரயோஜனம் இல்லை.

கேட்டதுக்கு முதல்ல "டெக்னீஷியன் லீவு." அப்புறம் "பழைய போர்டு எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு." மேக் முகவரியைக் காட்டினா "அதெல்லாம் சாஃப்ட்வேர்ல மாத்திக் கொடுப்போம்." டேட்டா பத்திக் கேட்டா, ஜாப் ஷீட் அடியில பொடி எழுத்துல இருக்கிற வரியைக் காட்டுறாங்க. இப்போ போனே எடுக்கிறதில்லை. பாதி விலை, ஒரு மன்னிப்புகூட இல்லை.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது போதும்:

அப்கிரேடுக்கு முன்னாடியே ரெக்கவரி கீயை எடுத்துப் பேப்பர்ல எழுதி வைங்க. பயாஸ் அப்டேட்டுக்கு முன்னாடி பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க (தற்காலிகமா நிறுத்தி வைங்க). கீ கேட்டா "ஃபார்மட் பண்ணிடலாம்"னு யார் சொன்னாலும் தலையாட்டாதீங்க. சவுண்ட், வைஃபை மாதிரி தொல்லைன்னா லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து டிரைவர் போடுங்க. அதுக்கும் மசியலைன்னா 10 நாளுக்குள்ள செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் 'கோ பேக்' கொடுத்துப் பழசுக்கே திரும்பலாம். அதுவரைக்கும் பழைய விண்டோஸ் இருக்கிற விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழிக்காதீங்க.

கடையில கொடுத்தே ஆகணும்னா, பழைய பார்ட் கைக்கு வரணும், புது பார்ட்டோட சீரியல் நம்பர் பில்லுல இருக்கணும். மாட்டேன்னா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துடுங்க.