பிரீமியர் லீக்: காசு கொடுத்துப் பார்ப்பவரின் விமர்சனம்

ஆகஸ்ட் வந்தால் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் பார்க்கச் சந்தாவைப் புதுப்பிக்கிற ஆள் நான். ஆப் எப்படி, வர்ணனை எப்படி, படம் தெளிவாக இருக்கிறதா என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது சரக்கைப் பற்றி, அதாவது லீக்கைப் பற்றி. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரியாத ஆட்டத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அது கிடைக்கிறதா?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவி பணத்தைப் பங்கு போடுவதில் பெரிய லீக்குகளில் இதற்கு இணை இல்லை என்பேன். இங்கிலாந்துக்குள் கிடைக்கும் டிவி பணத்தில் பாதி எல்லா அணிக்கும் சமம், கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்து, கால் பங்கு எத்தனை ஆட்டம் டிவியில் வந்தது என்பதைப் பொறுத்து. 2024-25இல் சாம்பியன் லிவர்பூலுக்கு லீக்கிடமிருந்து வந்தது சுமார் 17.5 கோடி பவுண்ட், கடைசி இடத்து சவுத்தாம்ப்டனுக்குச் சுமார் 11 கோடி. ஸ்பெயினில் 2015 வரை ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் தங்கள் ஆட்டங்களைத் தனியாக விற்றுக் காசை அள்ளிக்கொண்டிருந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும். 2024-25இலேயே, லீக்குக்கு வெளியே நாக்-அவுட் முறையில் நடக்கும் கோப்பைகளில், கிரிஸ்டல் பேலஸ் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை வென்றது, நியூகாஸில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலையே வென்றது. நடுத்தர அணிகள் இப்படி நிமிர்ந்து நிற்பதற்கு இந்தப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம்.

சிக்கல் வாசலில் இருக்கிறது. உள்ளே வந்த 20 பேருக்குள் நியாயம் ஓரளவு உண்டு, வெளியே நிற்பவர்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு சீசனிலும் கடைசி மூன்று அணிகள் அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்குக் கீழே போகும், அங்கிருந்து மூன்று மேலே வரும். 2023-24இல் மேலே வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட் மூன்றும் அதே சீசனில் கீழே போயின. ஷெஃபீல்ட் மட்டும் 104 கோல் வாங்கியது. அடுத்த வருடம் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன், அதே கதை. சவுத்தாம்ப்டன் ஏழு ஆட்டம் மீதம் இருக்கும்போதே வெளியேறியது, சீசன் முழுக்க எடுத்தது 12 புள்ளிதான். ஏப்ரல் முடிவதற்குள் கீழ் மூன்று இடமும் முடிவாகிவிட்டதால் டாட்டன்ஹாம் 38 புள்ளிகளை வைத்துக்கொண்டு 17ஆம் இடத்தில் எந்தப் பயமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது, லீக் ஆட்டங்களில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக்கில் கவனம் வைத்துக் கோப்பையும் வாங்கியது. டாட்டன்ஹாமைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கீழே போகாமல் தப்பிக்கக் கடைசி வாரத்தில் நடக்கும் ரெலிகேஷன் சண்டைதான் இந்த லீக்கிலேயே எனக்குப் பிடித்த பகுதி, அந்த சீசனில் அது கிடைக்கவே இல்லை.

காரணம் பணம். சாம்பியன்ஷிப்பில் இருக்கும் சாதாரண கிளப்புக்கு வரும் டிவி பணம், பிரீமியர் லீக்கில் கடைசியாக வந்த அணிக்குக் கிடைப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பள்ளத்தில் விழுகிற அணி நொறுங்கிப் போகக் கூடாதே என்று மூன்று வருடம் வரை பாராசூட் பணம் கொடுக்கிறார்கள், சமபங்குப் பணத்தில் முதல் வருடம் 55 சதவீதம், அப்புறம் 45, அப்புறம் 20. நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: லெஸ்டரும் சவுத்தாம்ப்டனும் 2023இல் கீழே, 2024இல் மேலே, 2025இல் மறுபடி கீழே. பர்ன்லி 2022இல் கீழே, 2023இல் மேலே, 2024இல் கீழே, 2025இல் மேலே. பாராசூட் இல்லாத கிளப் அவர்களோடு போட்டி போட ஓனர் கையிலிருந்து கொட்ட வேண்டியிருக்கிறது.

சரி, கொட்டலாமா என்றால் அதற்கும் விதி தடை. 2025-26 வரை இருந்த பிரீமியர் லீக் விதிப்படி மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. அந்த மூன்றில் சாம்பியன்ஷிப்பில் கழித்த வருடங்களுக்கு வரம்பு வருடத்துக்கு 1.3 கோடிதான். அப்படித்தான் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு மொத்த வரம்பே 6.1 கோடி ஆனது. அவர்கள் அதையும் 3.45 கோடி தாண்டி, 2024 மார்ச்சில் நான்கு புள்ளியை இழந்தார்கள். அந்த வழக்கில் அவர்களுடைய வீரர் பிரென்னன் ஜான்சன் விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. கணக்கு வருடம் ஜூன் 30இல் முடிகிறது, ஃபாரஸ்ட் அவரை 4.75 கோடிக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றது செப்டம்பர் 1இல். முன்பே விற்றிருந்தால் இந்த விலை கிடைத்திருக்காது, பொறுத்திருந்து விற்றதால் கிளப்புக்கு லாபம்தானே என்று வாதாடினார்கள், எடுபடவில்லை. கிளப்பின் நிதியைக் காப்பாற்ற வந்த விதி, நல்ல விலைக்குக் காத்திருந்ததற்கு எந்தச் சலுகையும் தரவில்லை.

இன்னொரு மோசமான பக்கவிளைவு, அகாடமிப் பையன்களை விற்பது. சொந்தமாக வளர்த்த வீரருக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் விற்கிற பணம் முழுக்க லாபமாக ஏறும். 2024 ஜூன் கடைசி நாட்களில் நியூகாஸில் தன் பையன் எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு விற்றது, அங்கிருந்து கோல்கீப்பர் விளாகோடிமோஸ் இந்தப் பக்கம் வந்தார். உள்ளூர்ப் பையன் பெயர் போட்ட ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு போகிற ரசிகருக்கு இந்த விதி செய்த துரோகம் இது.

2026-27 சீசன் முதல் புது விதி: அணிக்கான செலவு, வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தந்த சீசனிலேயே கணக்கைப் பார்ப்பார்கள் என்பது முன்னேற்றம்தான். ஆனால் 2023-24 வருமானத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள், மான்செஸ்டர் சிட்டிக்கு 71.5 கோடி, போர்ன்மவுத்துக்குச் சுமார் 16 கோடி. ஒருவர் 60 கோடி வரை செலவழிக்கலாம், இன்னொருவர் 14 கோடியைத் தாண்ட முடியாது. இதற்குப் பெயர் கட்டுப்பாடா? இருக்கிற வரிசையை அப்படியே பூட்டி வைக்கிற வேலை. கடைசி அணிக்குக் கிடைக்கும் டிவி பணத்தைப் போல ஐந்து மடங்குதான் எந்த அணிக்கும் உச்சவரம்பு என்று இன்னொரு யோசனை இருந்தது. 2025 நவம்பரில் கிளப்புகள் வாக்களித்து அதைத் தள்ளிவிட்டன. வீரர்கள் சங்கமும் அதை எதிர்த்தது, சம்பள வரம்பு பற்றிய அவர்கள் கவலை புரிகிறது. ஆனாலும் மேலே இருப்பவரைக் கீழே இருப்பவரோடு கட்டிப்போட்ட யோசனை அது ஒன்றுதான்.

இதில் ஓனர் யார் என்பதை மட்டும் மாற்றினால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற 50+1 விதி இருந்தும் பாயர்ன் மியூனிக் அங்கே லீக்கை 2013 முதல் 2023 வரை 11 முறை தொடர்ந்து ஜெயித்தது. ரசிகருக்கு உரிமை அவசியம், டிக்கெட் விலைக்கும் கிளப்பின் மானத்துக்கும் அது காப்பு. போட்டி சமமாக வேண்டும் என்றால் பணத்தையும் பங்கு போட்டே ஆக வேண்டும்.

நிதி விதிகளை மீறினால் வரும் தண்டனையின் வேகத்துக்கு என்னிடம் மதிப்பெண்ணே கிடையாது. எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டு, பிப்ரவரியில் அதை 6 ஆக்கினார்கள், ஏப்ரலில் இன்னொரு 2. சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள், விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது, அது அவர்கள் உரிமை. ஆனால் பட்டியலைப் பார்க்கிற எனக்கு எந்தப் புள்ளி நிலைக்கும் என்று தெரிய வேண்டாமா?

மொத்தத்தில் 5க்கு 3. ஆட்டத்தின் தரத்துக்கும் உள்பங்கீட்டுக்கும் அந்த மூன்று. சந்தா வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள், கூடவே முடிந்தால், மேலே வரும் மூன்றாவது அணியை முடிவு செய்யும் சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதியையும் பாருங்கள். 2025இல் சண்டர்லேண்டுக்காக 95ஆம் நிமிடத்தில் கோல் அடித்து மேலே ஏற்றிய டாம் வாட்சன் அந்தக் கிளப் வளர்த்த 19 வயதுப் பையன், அந்த ஆட்டத்துக்கு முன்பே பிரைட்டனுக்கு விற்கப்பட்டிருந்தார்.

மீதி இரண்டு மதிப்பெண்ணுக்கு நான் கேட்பது பாராசூட் பணத்தைச் சாம்பியன்ஷிப் முழுக்கப் பரப்புவதும், அந்த ஐந்து மடங்கு வரம்பை மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதும்தான். கிளப்புகள் தானாகச் செய்யாது. 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம், பிரீமியர் லீக்கும் சாம்பியன்ஷிப்பை நடத்தும் அமைப்பும் பணப் பங்கீட்டில் ஒத்துவராவிட்டால் தலையிடும் அதிகாரத்தை ஒரு சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்புக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை அலமாரியில் வைக்காமல் சீக்கிரம் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.