படம், புத்தகம், ஓவியம்: கல்லூரிக் காலம் முழுக்க ஓடிய ஒரே நோட்டு

பார்த்ததையும் படித்ததையும் குறித்துவைக்க, சினிமாவுக்கு ஒன்று, நாவலுக்கு ஒன்று என்று தனித்தனி நோட்டு வேண்டாம். தேதி வரிசையில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான், போன வாரம் படித்த நாவலின் அறையும் இன்று பார்த்த ஓவியத்தின் வெளிச்சமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஏ5 அளவு, கோடு போடாத தாள் போதும். ஜெல் பேனாவுக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடைக் கணக்கு) தாங்கும். மை பேனா என்றால் 100 பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் ஊறிவிடும். ஓவியக் கூடங்கள் பலவற்றில் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். மென்மையான 2பி எழுத நன்றாக இருக்கும், ஆனால் நாளாக ஆக எதிர்ப்பக்கத்தில் ஈஷிக்கொள்ளும். அதைவிடக் கடினமான எச்பி நல்லது.

வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் இரண்டாம் முறை பார்க்கும்போதோ படிக்கும்போதோ எழுத. இந்த நோட்டின் உயிரே அந்த வெற்றுப் பக்கம்தான்: பார்வை எங்கே மாறியது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, அபிப்பிராயம் பிறகு. ‘ஒளிப்பதிவு அருமை’ என்ற வரியிலிருந்து ஆறு மாதம் கழித்து எதையும் மீட்க முடியாது. ‘சன்னல் இடப்பக்கம், முகம் பாதி இருட்டு, அவள் பேசப் பேச கேமரா கேட்பவன் மேலேயே நிற்கிறது’ என்று இருந்தால் காட்சி அப்படியே திரும்பி வரும். கதைச் சுருக்கம் மூன்று வரியைத் தாண்டினால் பக்கத்தை அதுவே தின்றுவிடும். விமர்சனங்களை எழுதி முடித்த பிறகு படியுங்கள். முன்னால் படித்தால் விமர்சகர்களுடைய சொற்கள்தான் உங்கள் பேனாவில் வரும்.

டிவியில் படம் பார்க்கிறீர்கள் என்றால் அசைவை மென்மையாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 சட்டகமாக (ஃப்ரேம்) எடுத்ததற்கு இடையில் டிவி தானே சட்டகங்களை உண்டாக்கிச் செருகுவதால் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. காட்சியின் நிமிடக் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். 25 சட்டக வேகத்தில் ஓடும் பிரதியில் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சியின் முதல் வசனத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு பதிப்பு ஆண்டும், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் அவசியம். எடுத்து எழுதும் வரிக்கு மேற்கோள்குறி போடாவிட்டால், நாளைக்கு எது ஆசிரியருடையது, எது உங்களுடையது என்று தெரியாது.

ஓவியத்தில் அளவைக் கட்டாயம் எழுதுங்கள், உயரம் முதலில். அச்சில் எல்லாமே கையகலம் ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சாயத்தின் தடிமன் தெரியும். நிறத்தைச் சொல்லில் எழுதிவிட்டுப் பிறகு போனை எடுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைக் கேமரா தானே மாற்றுவதால் மஞ்சள் வெளுத்துவிடலாம். ஐந்தாறு கோட்டில் ஒரு கிறுக்கல் வரைந்தாலும் போதும். உருவங்களுக்கு நடுவே விட்டிருக்கும் இடம் வரையும்போதுதான் கண்ணுக்குப் படும்.

கடைசி நான்கு பக்கத்தைப் பொருளடைவுக்கு ஒதுக்குங்கள். தலைப்பு வரிசையைவிட ‘படிக்கட்டு’, ‘கடிதம்’, ‘பேசாத அப்பா’ என்று போடுவது பல மடங்கு உபயோகம். கட்டுரைக்கான விஷயம் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

கவிதைக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. வரி முறிவு மாறாமல் முழுக்கக் கையால் எழுதுங்கள். எங்கே தவறாக முறித்தோம் என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.