இலையுதிர்காலச் சைக்ளமென்: விதை போடுவதென்றால் எதைப் போடலாம்?

சைக்ளமென் கிழங்கிலிருந்து வளரும் சிறிய பூச்செடி. இங்கிலாந்துத் தோட்டத்தில் செப்டம்பரில் பூக்கும் வகை வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. கடையில் காய்ந்த கிழங்கை வாங்கி நடலாம். இல்லையென்றால் விதை போட்டு மூன்று வருடம் பொறுக்கலாம். நான் விதைக் கட்சி. காய்ந்த கிழங்கு பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அட்டைப்பெட்டியில் கிடந்து வேரெல்லாம் செத்திருக்கும். நட்ட பிறகு ஒரு வருடம் அசையாமல் கிடப்பதும் உண்டு, அழுகிப்போவதும் உண்டு. அதுவும் போக, ஒரு காலத்தில் துருக்கி மலைகளில் தோண்டிய காட்டுக் கிழங்குகள்தான் ஐரோப்பியக் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக வந்தன. இன்று சைக்ளமென் பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. விதை போடுபவருக்கு அந்த உறுத்தல் இல்லை.

சரி, எந்த இனத்தை எடுப்பது? முதல் செடி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹெடெரிஃபோலியம். தெற்குப் பிரான்சிலிருந்து இத்தாலி, கிரீஸ் வழியாக மேற்குத் துருக்கி வரை மரநிழலில் தானாக வளர்வது. ஆகஸ்டிலிருந்தே இலையில்லாமல் பூக்கும். இலை பின்னால் வந்து குளிர்காலம் முழுக்க நிற்கும். கோடையில் எல்லாம் அடங்கிவிடும். மைனஸ் 10 டிகிரிக்கும் அசராது. விதையிலிருந்து இரண்டு, மூன்று வருடத்தில் பூ. பல பத்தாண்டு வயதான கிழங்கு 25, 30 சென்டிமீட்டர் அகலம்கூட வரும்.

கருவுற்ற பூவின் காம்பு மேலிருந்து கீழாகச் சுருண்டு சுருண்டு காயைத் தரைக்கு இழுத்து வந்துவிடும். காய் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து அடுத்த ஜூன், ஜூலையில்தான் பழுக்கும். தொட்டால் மெத்தென்று அமுங்கி, நுனி பிளந்து, உள்ளே பிசுபிசுப்பான பழுப்பு விதைகள் தெரியும். அந்தப் பிசுபிசுப்பில் இனிப்பு இருக்கிறது. நாம் ஒரு நாள் தாமதித்தால் எறும்பு முந்திக்கொள்ளும். எறும்பு கொண்டுபோன விதை எங்கோ சுவர் இடுக்கில் முளைத்து, நாம் தொட்டியில் பார்த்துப் பார்த்து வளர்த்ததைவிட நன்றாக இருக்கும். அந்த எரிச்சல் வேறு.

விதைக்கும் முறை எல்லா இனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, நீர் வடியும் மண்கலவையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, மேலே சரளை தூவி, இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் முளைப்பு தடைப்படும். 15 முதல் 18 டிகிரி போதும். 20-ஐத் தாண்டினால் விதை அடம்பிடிக்கும். புதிய விதை நாலிலிருந்து எட்டு வாரத்தில் முளைக்கும். பொட்டலத்தில் காய்ந்த விதை ஒரு வருடம்கூட இழுத்தடிக்கும், அதனால் தொட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். ஆவல் தாங்காமல் மண்ணைக் கிளறினால், இலை தெரிவதற்கு முன்பே அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உருண்டை கிடக்கும். முதலில் கிழங்கு, அப்புறம்தான் ஒற்றை இலை. அந்த முதல் கோடையில் கன்று பச்சையாக இருக்கும்வரை நீர் விட வேண்டும். பெரிய செடிபோல இதுவும் உறங்கட்டும் என்று காயவிட்டால் பாதி போய்விடும்.

ஹெடெரிஃபோலியத்துக்கு நேர் எதிர் குணம் கிரேக்கம் (graecum) என்ற சைக்ளமென் இனத்துக்கு. கிரீஸ், தெற்குத் துருக்கி, சைப்ரஸ் ஆகிய இடங்களின் பாறை இடுக்குக்காரன். ஹெடெரிஃபோலியம் கிழங்கின் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வேர் விடும், அதனால் சற்று ஆழமாக நடலாம். கிரேக்கமோ அடியிலிருந்து தடித்த, சதைப்பிடிப்பான வேர்களை ஆழத்துக்கு இறக்கும். உயரமான தொட்டி இல்லையென்றால் முரண்டு பிடிக்கும். அடிக்கடி தொட்டி மாற்றினாலும் கோபம். கோடையில் நல்ல வெயில் உறைக்க வேண்டும், இல்லையென்றால் பூவே இருக்காது. கடும் உறைபனிக்குத் தாங்காது, கண்ணாடிக் கூரை வேண்டும். பூவுக்கு நாலைந்து வருடம்.

இவ்வளவு தொல்லைக்கு இதை ஏன் போட வேண்டும்? இலைக்காகத்தான். வெல்வெட் பளபளப்பில் வெள்ளியும் கரும்பச்சையும் கோலம் போட்டிருக்கும். ஒரே காயின் விதைகளில் ஒரு கன்று போல இன்னொன்று இருக்காது. கிழங்காக வாங்கினால் ஒரு கோலம், விதையாகப் போட்டால் இருபது. கண்ணாடிக் கூரை இருப்பவர்களுக்கு என் ஓட்டு கிரேக்கத்துக்கே.

சிலிசியம் இடைப்பட்டது. துருக்கியின் டாரஸ் மலைப் பைன் காட்டுச் செடி. சிறிய உடம்பு, தேன் வாசம், இலையும் பூவும் சேர்ந்தே வரும். குளிர் தாங்கும், குளிர்கால ஈரம் ஆகாது. சன்னல் ஓரத் தொட்டி மட்டும் இருப்பவர்களுக்கு இது போதும். பூக்கடையில் விற்கும் பெர்சிகம் என்ற சைக்ளமென் இனத்தை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். உறைபனி பட்டால் தீர்ந்தது.

விதை எங்கே வாங்குவது என்றால், 1977-இல் தொடங்கிய சைக்ளமென் சொசைட்டி ஆண்டுதோறும் உறுப்பினர்களுக்கு விதை பகிர்கிறது. கடைப் பொட்டலத்தைவிட அது மேல்.

சைக்ளமென் தவிர இலையுதிர்காலத்தில் பூக்கும் மற்ற கிழங்குச் செடிகள்? தென்னாப்பிரிக்க நெரைன் பௌடெனியின் விதை பச்சைப் பட்டாணி போல இருக்கும். காய வைக்கவோ சேமிக்கவோ முடியாது, சமயத்தில் செடியிலேயே முளை விட்டுவிடும். மண்மேல் வைத்து லேசாக அழுத்தினால் போதும். முளைப்பதில் உள்ள வேகம் பூப்பதில் இல்லை, நாலைந்து வருடம். கொல்சிகம் இன்னும் மோசம்: முளைக்கவே ஒன்றரை வருடம் ஆகலாம். அதைக் கிழங்காக வாங்கிவிடுங்கள். அதன் குடும்பத்தைச் சேர்ந்த நம் செங்காந்தளிலும் இதே கணக்குதான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கொல்சிசின் மருந்துக்காக விற்பது விதையை; ஆனால் நடுவது கிழங்கை. விதை போட்டால் பூக்க மூன்று, நான்கு வருடம், யார் காத்திருப்பார்கள்? கொல்சிகம், செங்காந்தள் இரண்டுமே கடும் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

குங்குமப்பூ மட்டும் இந்தப் போட்டியிலேயே இல்லை. அதற்குக் குரோமோசோம் மூன்று தொகுதி, விதை கட்டாது. காஷ்மீரின் பாம்பூர் வயல்களிலும் கிழங்கு பிரித்துத்தான் நடுகிறார்கள். இணையத்தில் குங்குமப்பூ விதை என்று பொட்டலம் விற்பவர் என்ன விற்கிறாரோ, அது குங்குமப்பூ இல்லை.